முதுகு பார்க்கிற நேரம்

மே 4, ஞாயிறு. கடம்பூர் மலை

கோபியில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. அதற்குக் கதவு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, ஜன்னலுக்கெல்லாம் போன வருடம்தான் கொசுவலை அடித்தேன். இத்தனையையும் பூட்டிவிட்டு ஒரு துணிக் கூடாரத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அறுபத்து மூன்று வயதில் எனக்கு இது தேவையா என்று யாராவது கேட்டால் தேவையில்லை என்றுதான் சொல்வேன். கேட்பதற்கும் இங்கே ஆள் இல்லை.

எல்லாம் சுபாவின் வேலை. என் மகள் சுபாஷிணி புனேயில் ஒரு வங்கியில் அதிகாரி. பதினொரு மாதமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. முதலில் ஆடிட் என்றாள், பிறகு பிரமோஷன் பரீட்சை, பிறகு கிளை மாற்றம். வியாழக்கிழமை திடீரென்று வந்து இறங்கினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடுப்பு வரை இருந்த முடியை வெட்டி எறிந்துவிட்டு, காதோடு ஒட்டிய சுருட்டை முடியோடு நிற்கிறாள். என் பரம்பரையிலும் அவள் அப்பா பரம்பரையிலும் சுருட்டை கிடையாது. புனேயில் பார்லர் வைத்திருப்பவன் நன்றாக ஏமாற்றியிருக்கிறான். ஆளும் இளைத்துவிட்டாள். ஓட்டல் சாப்பாடு.

"அஞ்சு நாள் மலையில டென்ட் போட்டு இருக்கப் போறோம்மா. புக் பண்ணிட்டேன்."

"எதுக்குடி?"

"சும்மாதான். உங்கூட இருக்கோணும்னு தோணுச்சு."

"அதுக்கு வீட்டுலயே இருக்கறது!"

"வீட்டுல இருந்தா ஆளுக வந்துட்டே இருப்பாங்கம்மா."

அதுவும் சரிதான். அந்த முடியைப் பார்த்தால் எங்கள் தெருவே திரண்டு வந்து கேள்வி கேட்கும்.

ஒரு தோட்டத்துக்காரர் காட்டோரத்தில் நாலு கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறார். வெயில் காலம் என்பதால் நாங்கள் மட்டும்தான். பார்த்துக்கொள்வது புட்டம்மா என்ற மலைக்காரப் பெண். கொசு உண்டு. கண்ணைச் சுற்றியே பறக்கும் ஒரு பொடி ஈயும் உண்டு, அதற்குப் பெயர் தெரியவில்லை. நான் அதற்கு வைத்த பெயரை எழுத முடியாது.

மே 5, திங்கள்

இன்று உண்ணி.

காலையில் ஓடை வரை நடந்தோம். தண்ணீர் வற்றிப் பாறைதான் இருக்கிறது. சுபாவுக்கு இடுப்பு வலி என்றாள், கல் தரையில் படுத்ததால் இருக்கும். அதனால் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். திரும்பி வருவதற்குள் எனக்குக் காலெல்லாம் ஊறல். சேலையைத் தூக்கிப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே எள்ளை வாரி இறைத்தது போல் கருப்புப் புள்ளிகள். ஒவ்வொரு எள்ளும் நகர்ந்தது. நான் போட்ட சத்தத்தில் புட்டம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தாள். வந்தவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மாடு மேயற தடத்துல போய் ஒக்காந்தீங்களாக்கும். குஞ்சு உண்ணிங்க. இந்த வெயிலுக்கு அது எங்கெங்கியும் இருக்கும்."

ஒன்றை ஏற்கெனவே நகத்தால் கிள்ளிவிட்டிருந்தேன், அடுத்ததையும் கிள்ளப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிச்சு இழுக்காதீங்கம்மா. தல உள்ளயே நின்னுக்கும், மாசக் கணக்குல அரிக்கும். புங்கெண்ணெ ஒரு சொட்டு வெச்சு, சித்த நேரம் பொறுத்து, இடுக்கியில மெதுவா எடுக்கோணும்."

இன்னொன்றும் சொன்னாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, ஒருவர் உடம்பை இன்னொருவர் பார்த்துவிட வேண்டுமாம். கழுத்து மடிப்பு, அக்குள், முழங்காலுக்குப் பின்புறம், முதுகு. "நம்ம கண்ணு எட்டாத எடத்துலதானுங்க அது போய் ஒக்காரும்" என்றாள்.

ஐந்து மணிக்குச் சுபா எனக்குப் பார்த்தாள். கூடாரத்துக்குள் அவள் முன்னால் ரவிக்கையைக் கழற்ற எனக்குக் கூச்சமாக இருந்தது. என்னை வேறொருவர் தொட்டு ஒன்பது வருடம் ஆகிறது. அவள் விரல் சில்லென்று இருந்தது. பதினேழு எடுத்தாள். ஒவ்வொன்றையும் எண்ணெய்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு "பத்து... பதினொண்ணு" என்று சிரித்துக்கொண்டே எண்ணினாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று!

"திரும்பு, உனக்குப் பாக்கறேன்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. முழுக்கை, முழுக்கால் போட்டிருக்கேன்ல? நானே பாத்துக்கறேன்."

போனிலேயே கண்ணாடி மாதிரி பார்த்துக்கொள்ளலாமாம். கூடாரத்தை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு வந்தாள். முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அம்மாவிடம் என்ன வெட்கமோ.

மே 6, செவ்வாய்

நேற்று 17, இன்று 6. புங்கெண்ணெய் நாற்றத்தில் என் பக்கத்தில் என்னாலேயே உட்கார முடியவில்லை.

மே 7, புதன்

காலையில் நொச்சித் தழையைப் போட்டுப் புட்டம்மா புகை மூட்டினாள். கொசு போனதோ இல்லையோ, நான் வெளியே போய்விட்டேன். இருவர் துணியையும் கொதிக்கிற தண்ணீரில் முக்கிப் பிழிந்து பாறையில் காயப்போட்டேன். கொள்ளு ரசம் வைத்தேன். சுபா நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை ஒதுக்கினாள், பிறகு மதியம் வரை தூங்கினாள். மலைக் காற்றில் தூக்கம் வருகிறதாம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது கூடப் பகலில் தூங்காத பெண்.

இங்கே ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் செல்போன் எடுக்கும். சாயங்காலம் இருவரும் ஏறி என் மகன் பிரபாகரிடம் பேசினோம். தோஹாவில் இருக்கிறான், மருமகளுக்கு ஏழாம் மாதம். சுபா நன்றாகச் சிரித்துச் சிரித்துப் பேசினாள். போனை வைத்ததும் சிரிப்பும் நின்றுவிட்டது.

பாறையில் உட்கார்ந்து பழங்கதை பேசினோம். பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான் கோபி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள். முதல் பன்னிரண்டு வருடம் டிரங்கு கால் போர்டில், வெளியூர் போனுக்கு ஒயர் சொருகி இணைப்புக் கொடுக்கிற வேலை. அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாதுதான், ஆனால் மூன்று நிமிடம் ஆயிற்றா என்று பார்க்கக் காது கொடுத்தே ஆக வேண்டும். சாவுச் செய்தியை யாரும் டிரங்கில் நேராகச் சொல்ல மாட்டார்கள். "சீரியஸ், ஒடனே பொறப்பட்டு வா" என்பார்கள். சொல்பவர் குரலை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும், ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று. ஒரு தடவை கூட நான் தப்பாகக் கணித்ததில்லை. இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

சுபா கூழாங்கல்லை உருட்டிக்கொண்டே கேட்டாள்: "எனக்குக் கூட அப்புடித்தானம்மா சொன்ன?"

அவள் அப்பா விஷயத்தைச் சொல்கிறாள்.

அவருக்கு நுரையீரலில் வந்தபோது சுபா குவாஹாட்டியில் முதல் வேலையில் இருந்தாள். தனியாகக் கிடக்கிற பெண் பயந்துவிடுவாள், வேலை நிரந்தரமாகட்டும் என்று நினைத்தேன். ஏழு மாதம் "அப்பாவுக்குச் சளி" என்றே சொல்லிவந்தேன். கடைசியில் "சீரியஸ், பொறப்பட்டு வா" என்றேன். அவள் வந்து இறங்கியபோது அவர் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். அவள் கையில் ஒரு கம்பளி மஃப்ளர் இருந்தது. சளிக்காக அவருக்கு வாங்கி வந்தது.

"நல்லதுக்குத்தான் பண்ணேன்" என்றேன்.

"தெரியும்மா" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. கோபம் இருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

மே 8, வியாழன்

இன்று அவளே கூப்பிட்டாள். முதுகில் ஒன்று கடித்துக்கொண்டு கிடக்கிறது, கை எட்டவில்லை, போனிலும் சரியாகத் தெரியவில்லை என்றாள். இரண்டு நாளாகச் சொரிந்து சொரிந்து தாங்க முடியாமல்தான் கூப்பிட்டிருக்கிறாள். சட்டையின் பின்பக்கத்தை மட்டும் தூக்கிக் காட்டினாள், முன்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தோள்பட்டைக்குக் கீழே நல்ல கொழுத்த உண்ணி. எண்ணெய் வைத்து, பொறுத்து, தலையோடு எடுத்துவிட்டேன். சரி, வந்ததுதான் வந்தோம் என்று இடது அக்குளுக்குக் கீழேயும் பார்த்தேன். அங்கே தோல் ஒரு கையகலத்துக்குக் கறுத்திருந்தது. வெயில் சட்டைக்குள் எப்படிப் போயிற்றோ. அதன் ஓரத்தில் குஞ்சு உண்ணி ஒன்று, ஊசி முனையளவு, நீலம் கலந்த கருப்பு. கண்ணாடியை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். எண்ணெய் வைத்தேன். இடுக்கியால் பிடித்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்து இழுத்தேன். தோல்தான் வந்தது.

"அம்மா, விடு!"

"இரு, புடிச்சுட்டேன்..."

"அது உண்ணி இல்லம்மா. மச்சம்."

சட்டையை இறக்கிவிட்டு எழுந்து போய்விட்டாள். இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கூடாரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். புட்டம்மா வந்து சோளக் களி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

மே 9, வெள்ளி, காலை

மச்சம்தான்.

மே 9, மதியம்

மச்சம் இல்லை.

அவளைப் பதின்மூன்று வயது வரை குளிக்க வைத்தவள் நான். அவள் உடம்பில் எத்தனை மச்சம், எங்கெங்கே என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் கிடையாது.

அந்தப் புள்ளியை நான் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன். அவருக்கு மூன்று இருந்தன. நெஞ்சுக்கு நடுவில் ஒன்று, இரண்டு விலாவிலும் ஒவ்வொன்று. கதிர் வைத்தியம் கொடுக்கும்போது தினமும் அதே இடத்தில் விழ வேண்டும் என்பதற்காக ஊசியால் குத்தி வைத்தது. அடையாளம் அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி நர்ஸ் என்னிடம் சொல்லியிருந்தாள். பச்சை குத்தியது அழியாது என்று கூட எனக்குத் தோன்றவில்லை. ஒன்றரை மாதம், அந்த மூன்று இடத்திலும் சோப்பு படாமல், கை வைத்து மறைத்துக்கொண்டு அவருக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

முடி. இளைப்பு. பகல் தூக்கம். ஆடிட், பரீட்சை, கிளை மாற்றம். பதினொரு மாதம் ஒன்று விட்டு ஒரு நாள் அவளோடு போனில் பேசியிருக்கிறேன். ஊரார் குரலை எல்லாம் கண்டுபிடித்தவள்! என் மகள் குரலில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அல்லது கேட்டு, வேண்டாமென்று விட்டுவிட்டேனா?

அவள் இப்போது வெளியே வேப்பமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், கை இடுப்பைப் பிடித்திருக்கிறது. புட்டம்மாவிடம் ஏதோ கேட்டுச் சிரிக்கிறாள். நாளைக்குக் கீழே இறங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ரயில். அதற்குள் அவள் என்னிடம் சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். சொல்லாமல் ரயில் ஏறிவிட்டாள் என்றால் அடுத்த செய்தி எனக்கு எப்படி வரும் என்று தெரியும். யாரோ ஒருவர் போன் செய்து, "சீரியஸ், பொறப்பட்டு வாங்க" என்பார்கள்.

நேராகக் கேட்டால் இல்லை என்று சிரித்துவிடுவாள். அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

மே 10, சனி. கோபி

வீட்டுக்கு வந்துவிட்டோம். சுபா உள்ளே படுத்திருக்கிறாள். நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கு முதலில் எனக்குப் பார்த்தாள். மூன்றுதான். "உண்ணிக்கும் உன்னைப் புடிக்காமப் போயிருச்சும்மா" என்றாள். பிறகு நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "திரும்பு" என்றேன். முந்தின நாள் நடந்ததற்குப் பிறகு மறுத்தால் எனக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்திருப்பாள், திரும்பி உட்கார்ந்தாள். கழுத்து, தோள், முதுகு எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கையை மெதுவாக உயர்த்தி அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் விரலை வைத்தேன். நான் கிள்ளிய இடம் சிவந்திருந்தது.

"இன்னும் ரெண்டு எங்க கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் திரும்பவில்லை. அவள் முதுகு மட்டும் ஏறி இறங்கியது. வெளியே புட்டம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு சட்டையை முழுதாகக் கழற்றினாள். வலது விலாவில் ஒன்று. நெஞ்சுக்கு நடுவில் ஒன்று. இடது மார்பில் குறுக்கே ஒரு தழும்பு.

"எப்பக் கண்டுபுடிச்ச?"

"இடுக்கியில புடிச்சு இழுத்தப்ப. அப்பாவுக்கும் இருந்துச்சு."

"அப்பாவுக்குச் சளின்னு சொன்னியே." அழவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

"ஆமா. சொன்னேன்."

"நான் மஃப்ளர் வாங்கிட்டு வந்தேன்."

"ஆமா கண்ணு."

ஒன்பது வருடத்தில் நாங்கள் இருவரும் அந்த மஃப்ளரைப் பற்றிப் பேசியது இந்த இரண்டு வார்த்தைதான். எனக்குச் சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. "தப்புப் பண்ணிட்டேன் சுபா. நீ அவரப் பாத்துருக்கோணும். பாக்க உடாம நான் பண்ணிட்டேன்" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். அவளைச் சட்டையில்லாமல் அப்படியே மடியில் சாய்த்துக்கொண்டேன். கொசு இரண்டு பேரையும் பிய்த்தது. விரட்டத் தோன்றவில்லை.

"பழிக்குப் பழின்னு நான் மறைக்கலம்மா. சத்தியமா. நம்ம வீட்டுல இப்புடித்தான் பண்ணோணும்னு நெனச்சுட்டேன்."

இதை விட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

எல்லாம் சொன்னாள். போன ஜூனில் ஆபரேஷன், டிசம்பர் வரை மருந்து ஏற்றல், பிப்ரவரியில் கதிர். கூட வேலை பார்க்கும் வைஷாலி என்ற பெண்தான் ஒவ்வொரு முறையும் கூடப் போயிருக்கிறாள், முடி கொட்டியபோது தலையை மழித்துவிட்டிருக்கிறாள் (மறுபடி முளைத்ததுதான் அந்தச் சுருட்டை), கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணைக் கும்பிட வேண்டும் என்றும் இருந்தது, பிடித்துத் தள்ள வேண்டும் என்றும் இருந்தது. அது நான் செய்ய வேண்டிய வேலை.

குணமாகிவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரலில் இருந்து இடுப்பு வலி. பத்தொன்பதாம் தேதி ஸ்கேன், இருபத்தொன்றாம் தேதி டாக்டர்.

"அதுல என்ன வருமோ தெரியல. தெரியறதுக்கு முன்னாடி அஞ்சு நாள் உங்கூட சும்மா இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்மா."

மே 11, ஞாயிறு

ரயிலில் நானும் ஏறிவிட்டேன். டிக்கெட் இல்லை, டி.டி.ஆர். இன்னும் வரவில்லை. வந்தால் என்ன சொல்வது என்று சுபா பயப்படுகிறாள். நான் பயப்படவில்லை.

மே 21, புதன். புனே

எலும்புக்குப் போயிருக்கிறது. முதுகெலும்பில் மூன்று இடம்.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். இந்தியிலும் இங்கிலீஷிலும் சொன்னார். எனக்குப் பாதிதான் புரிந்தது. சுபா ஒவ்வொரு வரியாகத் தமிழில் எனக்குச் சொன்னாள், ஒன்றையும் விடாமல். முழுசாகப் போக வைக்க முடியாது, மருந்தால் தள்ளிப்போடலாம், சிலருக்கு வருடங்கள் கூட, சிலருக்கு அப்படி இல்லை. அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஆனாலும் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன், வைஷாலி என் கையைப் பிடித்திருந்தாள்.

ஆட்டோவில் வரும்போது சுபா சொன்னாள்: "அண்ணனுக்கு இப்ப வேண்டாம்மா. கொழந்த பொறக்கட்டும். அதுவரைக்கும் எதாவது இடுப்பு வலி, சுளுக்குன்னு..."

பாதியில் நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் பிரபாகரைக் கூப்பிட்டேன். "பிரபு, எங்கியாச்சும் உக்காந்துக்க. சுபாவுக்குக் கேன்சர். எலும்புக்குப் போயிருச்சு. உசுரோட இருக்கா, என் பக்கத்துலதான் இருக்கா, இந்தா பேசு. நீ வந்து அவளப் பாக்கோணும்" என்றேன். இத்தனை வருடத்தில் இப்படி யாரும் நேராகச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பக்கம் அவன் தேம்பிக்கொண்டே இருந்தான். போர்டில் இருந்தால் மூன்று நிமிடத்தில் ஒயரைப் பிடுங்கியிருப்பேன். போனைச் சுபாவிடம் கொடுத்துவிட்டுக் குக்கரை வைக்கப் போனேன்.

ஜூன் 14, சனி

மருந்து ஆரம்பித்து மூன்று வாரம். பிரபாகர் இரண்டு நாள் வந்துவிட்டுப் போனான். இன்று சுபா அரை இட்லி சாப்பிட்டாள். நேற்றை விட அதிகம்.

என் முழங்காலுக்குப் பின்னால் ஒரு கடி இன்னும் ஆறவில்லை. முதல் நாள் புட்டம்மா வருவதற்கு முன்னால் நானே அவசரப்பட்டுக் கிள்ளியது. தலை உள்ளே நின்றுவிட்டது போல, அரித்துக்கொண்டே இருக்கிறது.

இந்த நாலாம் மாடிக்கு உண்ணி வராது. இருந்தாலும் ஐந்து மணியானால் சுபா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சட்டையைத் தூக்கிக்கொள்கிறாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். கழுத்து, தோள், முதுகு, இரண்டு விலா. முதுகெலும்பு இப்போது தனித்தனியாக எண்ணுகிற மாதிரித் தெரிகிறது. மெதுவாகத்தான் தொட வேண்டும்.

"எதாவது இருக்காம்மா?"

வழக்கமாக இல்லை என்பேன். இன்று இடுப்புக்கு மேலே புதிதாக ஒரு சின்ன வீக்கம். கொசு கடித்ததாகவும் இருக்கலாம். என் வாய் "ஒண்ணுமில்ல" என்று சொல்லத் தயாராகிவிட்டது. அறுபத்து மூன்று வருடப் பழக்கம்.

"இருக்கு கண்ணு" என்றேன். "இடுப்புக்கு மேல, எடது பக்கம். சின்னதா. இங்க."

அவள் கையைப் பின்னால் நீட்டினாள். அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.